எத்தனை ஐம்பது வைத்துக்கொள்ளலாம்?

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் வைக்கும் கேமரா, வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் பேச்சு எப்படியும் 50 மிமீ லென்ஸில் வந்து நிற்கும். ஒருவரிடம் மூன்று இருக்கும், இன்னொருவரிடம் ஐந்து. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்காரர்கள் பக்கம் இந்தப் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. ஒரு 50 வாங்கினோமா, அதோடு சரி என்று இருப்பார்கள். இங்கே மட்டும் ஏன் இப்படி என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொந்தமாக வைத்திருந்தவை, நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்தவை, இன்றும் என்னிடமே தங்கிவிட்டவை என்று பல 50களோடு பழகியாகிவிட்டது. என் கணக்கு இதுதான்: இரண்டு போதும். மூன்றாவது வேண்டுமென்றால் முதல் இரண்டும் செய்ய முடியாத வேலை ஒன்று அதற்கு இருக்க வேண்டும். ஒன்றே போதும் என்பவர்களும் நிறையப் பேர் உண்டு, அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கேமராவின் சுபாவம். எஸ்எல்ஆரில் லென்ஸை மாற்றினால் கண்ணுக்குத் தெரிவதே மாறிவிடும். வேகமான லென்ஸ், அதாவது அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் என்றால் கண்ணுக்கும் வெளிச்சம் கூடும், பின்னணி கரைவது அங்கேயே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டர் தனி ஜன்னல், லென்ஸ் தனி. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிகம் திறக்கும், வேகமும் கூடும். ஆனால் இங்கே லைகாவின் பழைய எஃப் 3.5 எல்மாரைப் போட்டாலும் எஃப் 0.95 நாக்டிலக்ஸைப் போட்டாலும் அதே வெளிச்சம், படத்தின் எல்லையைக் காட்டும் அதே 50 ஃபிரேம் கோடு, முன்னால் நிற்பவரிலிருந்து தூரத்து மரம் வரை எல்லாமே தெளிவு. லென்ஸ் என்ன செய்தது என்பது படம் கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாததால் அதை மனம் நிரப்பிக்கொள்கிறது, அடுத்த லென்ஸ் இதைவிட ஏதோ செய்யும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஷட்டரை அழுத்தும் முன்பே படம் எப்படி வரும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த லென்ஸ் இந்தத் தூரத்தில், இந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பில்) பின்னணியை எப்படி மாற்றும் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் இந்தக் கேமராவில் படம் எடுப்பது சுகம். ஒரு லென்ஸை அப்படிப் படித்து முடிக்கவே நாளாகும். ஐந்தை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஐந்தையும் அரைகுறையாகத்தான் தெரிந்துவைத்திருப்போம்.

இத்தனை 50கள் எப்படி வந்தன என்று பார்த்தால் எண்ணிக்கையைக் குறைப்பது எளிது. ஃபிலிமில் விழும் 24×36 மிமீ சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மிமீ. கணக்குப்படி நார்மல் லென்ஸ் என்றால் அந்த அளவுதான். ஆனால் 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைகா கேமராவில் அதை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் வைத்தது 50 மிமீ எஃப் 3.5, மாக்ஸ் பெரெக் வடிவமைத்தது. அந்த அளவே நிலைத்துவிட்டது. 1954-இல் வந்த லைகா எம்3-இன் வியூஃபைண்டரே 50-ஐ மனதில் வைத்துச் செய்ததுதான். அதன் உருப்பெருக்கம் கிட்டத்தட்ட 0.91. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்த்தால் உலகத்தின்மேல் ஒரு சட்டம் மிதப்பதுபோல் தெரியும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் வேலையில் பெரும்பகுதியை 50-இல்தான் செய்தார். ஆகவே லென்ஸ் செய்த ஒவ்வொரு கம்பெனியும் தன் திறமையை 50-இல் காட்டிப் பார்த்தது. கடைசியில் நம் முன்னால் பெரிய குவியல்.

ஆனால் பெயர்கள்தான் குவியல். உள்ளே இருக்கும் கண்ணாடி அமைப்பைப் பார்த்தால் நான்கு குடும்பங்கள்தான்.

முதல் குடும்பம் டெஸ்ஸார் வழி: மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள். எல்மார் 3.5, பிறகு வந்த எல்மார் 2.8, சோவியத் இன்டஸ்டார்-22 எல்லாம் இதில் சேரும். சின்னது, பல வகைகளில் குழாயை உள்ளே தள்ளி மடக்கிக்கொள்ளலாம். மெதுவான லென்ஸ்தான், ஆனால் இரண்டு மூன்று ஸ்டாப் மூடினால் (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்) அச்சில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

இரண்டாவது ஸோனார். லுட்விக் பெர்டெலே வடிவமைத்து, 1932-இல் கான்டாக்ஸ் கேமராவோடு வந்தது. எஃப் 1.5 வகையில் ஏழு கண்ணாடிகள், ஆனால் அவற்றை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கிவிட்டார். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு ஆறுதான். பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் இல்லாத அந்தக் காலத்தில் ஒவ்வொரு பரப்பும் குறைந்தது நான்கு சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். நான்கு தொகுதி லென்ஸில் எட்டுப் பரப்பு. இரண்டு பரப்பு குறைந்ததே அன்றைக்குப் பெரிய லாபம். சோவியத் ஜூப்பிட்டர்-3, ஜூப்பிட்டர்-8, ரேஞ்ச்ஃபைண்டர் காலத்து நிக்கோர் 50 எஃப் 1.4, இன்றைய ஸைஸ் ஸி ஸோனார் எல்லாம் இந்த வம்சம். 1950-இல் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் நிக்கோர் லென்ஸ்களைப் பார்த்து, கொரியப் போரை அவற்றில் படமெடுத்த பிறகுதான் மேற்கே பலரும் அந்தப் பெயரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது டபுள் காஸ். நடுவில் அப்பர்ச்சர், இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமச்சீராகக் கண்ணாடிகள். சும்மிக்ரான், பிளானார், பழைய சும்மிலக்ஸ், கேனான் 50 எஃப் 1.4 என்று பெரும்பாலானவை இங்கேதான். 1979-இல் வால்ட்டர் மாண்ட்லர் அமைத்த சும்மிக்ரானில் நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். அதே அமைப்புதான் பிறகும் பல்லாண்டு தொடர்ந்தது.

நான்காவது, ஆஸ்பெரிக்கல் (வளைவு முழுக்கோள வடிவில் இல்லாத) கண்ணாடிகளோடு வந்த நவீன லென்ஸ்கள்: 2004-இன் சும்மிலக்ஸ், 2012-இன் அப்போ சும்மிக்ரான், அப்புறம் ஃபோக்ட்லேண்டரின் அப்போ-லாந்தார். முழுசாகத் திறந்தாலும் மூலை வரை கூர்மை.

லென்ஸை எண்ணுவதை விட்டுக் குடும்பத்தை எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு வைத்திருப்பவரிடம் உண்மையில் ஒன்றரை லென்ஸ்தான் இருக்கிறது. சும்மிக்ரானும் பிளானாரும் ஒரே பையில் இருந்தால் அதில் ஒன்று வீண் சுமை. இரண்டுமே அருமையான லென்ஸ்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்று எடுக்கும் படத்தை மற்றதும் எடுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டாவது 50 வாங்குபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் அதுதான்: "இருட்டில் எடுக்கணும்." சரி, எஃப் 2-இலிருந்து எஃப் 1.4-க்குப் போனால் கிடைப்பது ஒரு ஸ்டாப். 1/30 நொடி 1/60 ஆகும். அங்கிருந்து எஃப் 0.95-க்குப் போனால் இன்னும் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். இதற்குக் கொடுக்கும் விலை ஆழத்தில். ஃபிலிமில் ஒரு புள்ளி 0.03 மிமீ வரை பரவினாலும் தெளிவுதான் என்ற வழக்கமான கணக்கை வைத்துக்கொண்டால், ஒரு மீட்டரில் எஃப் 2-இல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். எஃப் 1.4-இல் மூன்றைச் சற்றே தாண்டும். எஃப் 0.95-இல் இரண்டே சொச்சம். 70 சென்டிமீட்டர் தூரத்துக்கு நெருங்கினால் எஃப் 1.4-இல் ஒன்றரை சென்டிமீட்டர்தான் மிச்சம். எதிரில் இருப்பவர் மூச்சு விட்டாலே போய்விடும்.

ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைகளைத் தொடர்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். கூரையில் இரண்டே விளக்கு, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் கழுவுவேன். என் எஃப் 2-வையும் நண்பரின் எஃப் 1.4-ஐயும் ரோலுக்கு ரோல் மாற்றிப் போட்டேன். நடிகர்கள் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பார்கள், ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். அந்தத் தூரத்தில் எஃப் 2-இல் 18 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும், எஃப் 1.4-இல் 13. நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டில் லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடியை) வைத்துப் பார்த்தபோது எஃப் 2 ரோல்களில்தான் பெரிதாக்கத் தகுந்த படங்கள் அதிகம். 1/30-இல் கை அசைந்து கெட்டவை கொஞ்சம்தான். வேகமான லென்ஸில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் தோளில் போய் விழுந்தவை அதைவிட அதிகம். உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தவர்களை எடுத்தபோது மட்டும் எஃப் 1.4 தன் அருமையைக் காட்டியது. ஆகவே, இருட்டு என்று மொத்தமாகச் சொல்லக்கூடாது. ஆள் அசையாத இருட்டா, அசைகிற இருட்டா என்று கேட்டுக்கொண்டால் அந்த லென்ஸ் தேவையா என்று தெரிந்துவிடும். டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம், வேகத்துக்காக மட்டும் இன்னொரு 50 என்பதற்கு இன்னும் காரணம் குறைவு.

கேமராவும் இதில் ஒரு கட்சி. ரேஞ்ச்ஃபைண்டர் எவ்வளவு துல்லியம் என்பது அதன் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. எம்3-இல் அது சுமார் 62 மிமீ. 0.72 உருப்பெருக்கம் உள்ள மற்ற லைகா எம் கேமராக்களில் சுமார் 50. 1973-இல் வந்த சின்ன லைகா சிஎல்-இல் 19-தான். 50 எஃப் 1.4-ஐ எம்3-இல் நம்பி முழுசாகத் திறக்கலாம். சிஎல்-இல் பக்கத்தில் நிற்பவரை அப்படி எடுப்பது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான். லென்ஸைத் தேடுவதற்கு முன் உங்கள் கேமராவின் எண் என்ன என்று பார்த்துவிடுங்கள்.

பெரிய லென்ஸ் வியூஃபைண்டரையும் மறைக்கும். ஃபிரேமின் வலது கீழ் மூலையில் லென்ஸும் ஹுட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மூலையில் ஒரு குழந்தை நின்றால் உங்களுக்குத் தெரியாது. எஃப் 0.95 நாக்டிலக்ஸ் 700 கிராம், சும்மிக்ரான் சுமார் 240. ஒரு நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டி நடப்பவருக்கு இந்த வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும்.

இனி கை. இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். என் எஃப் 2 லென்ஸில் ஃபோகஸ் வளையத்துக்குக் கீழே விரல் வைக்க ஒரு சின்னப் பிடி உண்டு. அது நேர் கீழே நின்றால் எவ்வளவு தூரம், வலதுபக்கம் சாய்ந்தால் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஃபோகஸ் முக்கால்வாசி முடிந்துவிடும், கண்ணில் வைத்ததும் நடுச் சதுரத்தில் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்குவது கடைசித் தட்டு. வயலின்காரரின் விரல் கம்பியில் ஸ்வரத்தின் இடத்தை அறிந்திருப்பதைப் போன்றது இது. இன்னொரு 50-ஐப் போட்டால் அந்த இடங்கள் எல்லாம் மாறிவிடுகின்றன. ஒன்றில் கால் சுற்று திருப்பினால் போதும், இன்னொன்றில் அதைவிட நிறையத் திருப்ப வேண்டும். ஒன்றில் அப்பர்ச்சர் அரை ஸ்டாப்புக்கு ஒரு 'க்ளிக்', ஸைஸின் எம் லென்ஸ்களில் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு ஒன்று. வெளிச்சம் மாறும்போது பார்க்காமலே இரண்டு க்ளிக் திருப்பிப் பழகிய கைக்கு இது பெரிய தடங்கல்.

இதனால்தான் பிரதான 50 எது என்று ஒன்றை முடிவு செய்து, கேமராவில் எப்போதும் அதையே வைத்திருக்கச் சொல்கிறேன். மற்றது பீரோவில் இருக்கட்டும், வேலை வரும்போது எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பையில் போடாதீர்கள். 50-ஐக் கழற்றி 50-ஐ மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரே நடந்தது போயிருக்கும்.

என்னிடம் இரண்டாவதாக இருப்பது ஸோனார் அமைப்பில் வந்த எஃப் 1.5. அதை வைத்திருப்பதற்குக் காரணம் வேகம் அல்ல, அது முகங்களை வரையும் விதம். முழுசாகத் திறந்தால் நடுவில் கூர்மையும் அதன்மேல் லேசான ஒரு மினுமினுப்பும் சேர்ந்தே இருக்கும். கண்ணிலிருந்து காதுக்குப் போகும் வழியில் தெளிவு படிப்படியாகக் குறையும், வெட்டினாற்போல் நிற்காது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களை எடுக்க எனக்கு இதைவிடப் பிடித்த லென்ஸ் கிடையாது. தோலின் சுருக்கம் எல்லாம் இருக்கும், ஆனால் சுருக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கும் படமாக இருக்காது.

அந்த அமைப்போடு கூடவே வரும் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஃபோகஸ் ஷிஃப்ட். லென்ஸின் ஓரத்தில் வரும் கதிர்களும் நடுவில் வரும் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அப்பர்ச்சரை மூடும்போது ஓரக் கதிர்கள் அடைபட்டு, கூர்மையான இடம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. எஸ்எல்ஆரில்கூட, அப்பர்ச்சரை மூடிவைத்து லென்ஸ் வழியாகவே பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதில்லை, அதற்கு இந்த நகர்வு தெரிய வழியே இல்லை. எஃப் 1.5-க்குச் சரியாக அமைத்த லென்ஸ் 2.8-இல் சற்றுப் பின்னால் ஃபோகஸ் ஆகும். 2.8-க்கு அமைத்தது முழுத் திறப்பில் முன்னால் விழும்.

உங்கள் லென்ஸ் எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு மாலைநேரம் போதும். மேஜைமேல் ஒரு நீள ஸ்கேலை கேமராவிலிருந்து விலகிப் போகும்படி சாய்வாக வையுங்கள். நடுவில், குறிப்பிட்ட ஒரு கோட்டின் பக்கத்தில் செங்குத்தாக ஒரு தீப்பெட்டியை நிறுத்துங்கள், அதன் விளிம்பில் ஃபோகஸ் வைப்பது எளிது. ட்ரைபாடில் கேமரா, ஒரு மீட்டர் தூரம். முழுத் திறப்பில் ஒரு படம், பிறகு 2, 2.8, 4, 5.6. ஒவ்வொன்றுக்கும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி வையுங்கள், இல்லையென்றால் உங்கள் கண்ணின் தவறும் லென்ஸின் நகர்வும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும். படங்களைப் பெரிதாக்கி ஸ்கேலில் எந்த எண் மிகக் கூர்மை என்று பாருங்கள். என்னுடையது 1.5-இல் கச்சிதம், 2.8-இல் ஓரிரண்டு சென்டிமீட்டர் பின்னால் போகிறது, 5.6-க்குள் ஆழம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே பக்கத்தில் எடுக்கும்போது அதை 1.5-இல் வைப்பேன், இல்லையென்றால் 5.6-க்குப் போய்விடுவேன். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அப்பர்ச்சரில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் பிம்பங்களை ஒன்றாக்கிய பிறகு உடம்பை ஒரு துளி பின்னுக்குச் சாய்த்துக்கொள்வேன். லென்ஸைப் படிப்பது என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். ஐந்து லென்ஸுக்கு ஐந்து விதமான சாய்வை யாரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

மூன்றாவதாக ஒரு பழைய மடக்கு எல்மார் சில காலம் இருந்தது. அழகான சாதனம். குழாயை இழுத்துத் திருப்பிப் பூட்ட வேண்டும், இன்ஃபினிட்டியில் ஒரு சின்னக் கொக்கி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும், அப்பர்ச்சரை மாற்ற லென்ஸின் முகத்தையே திருப்பிப் பார்த்து நகத்தால் ஒரு குட்டி நெம்பை நகர்த்த வேண்டும். மடக்கினால் சட்டைப் பைக்குள் போகும் அளவு. மலையேறுபவருக்கும் சைக்கிளில் நாள் முழுக்கச் சுற்றுபவருக்கும் இது நிஜமாகவே மூன்றாவது லென்ஸுக்கான காரணம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என் தங்கை மகளுக்குப் லென்ஸைத் திருகி மாட்டும் பழைய ஸ்க்ரூ மவுண்ட் கேமரா ஒன்று கிடைத்தபோது எல்மாரை அவளிடம் கொடுத்துவிட்டேன். "மாமா, இதுல 3.5 தானே இருக்கு, போதுமா?" என்று கேட்டாள். வெளியில் 400 ஃபிலிம் போட்டு எடுத்துப் பார், எப்போது போதவில்லை என்று எழுதிவை, அப்புறம் பேசுவோம் என்றேன். அவள் எழுதிவைத்த குறிப்புகளில் இருட்டைப் பற்றிய புகார் குறைவு. ஒரு மீட்டருக்குள் நெருங்க முடியவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கு ஒரு மீட்டர்தான் எல்லை, எம் காலத்து 50களில் பல 70 சென்டிமீட்டர் வரை வரும். வேகத்தைவிட இந்த 30 சென்டிமீட்டர்தான் பலருக்கும் உண்மையான தேவை என்று எனக்கும் படுகிறது. முகங்களை எடுப்பவர்கள் லென்ஸ் தேடும்போது எஃப் எண்ணுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

பழையது வாங்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சின்ன டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும். லென்ஸை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, முன்னால் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். மெல்லிய மூட்டம் தெரிந்தால், கழுவக்கூடியதா, கண்ணாடியையே அரித்துவிட்டதா என்று கேட்ட பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. விளிம்பில் வானவில் நிறத்தில் வட்டம் தெரிந்தால் ஒட்டு விட்டுப்போகிறது. 1933-இல் வந்த சும்மாரின் முன்கண்ணாடி மென்மையானது, கீறல் இல்லாத ஒன்று கிடைப்பது அபூர்வம். கீறல்கள் நிறைந்த சும்மாரில் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் எல்லாம் பனிமூட்டம்தான், அதைப் பார்த்துவிட்டு பழைய லென்ஸ் எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஸ்க்ரூ மவுண்ட் லென்ஸை எம் கேமராவில் போட ஒரு மிமீ தடிமன் வளையம் போதும், மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை உள்ள தூரம் ஸ்க்ரூவில் 28.8 மிமீ, எம்-இல் 27.8. ஆனால் 50-க்கான வளையமா என்று கேட்டு வாங்குங்கள், தப்பான வளையம் தப்பான ஃபிரேம் கோட்டைக் கொண்டுவரும். ஜூப்பிட்டர்களில் இன்னொரு சங்கதி. அவை கான்டாக்ஸ் கணக்கில் பிறந்தவை, லைகாவின் ஃபோகஸ் அமைப்பு வேறு கணக்கில் உள்ளது. தூரத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில், முழுத் திறப்பில் ஃபோகஸ் தள்ளிப்போகும். மெல்லிய தகடு வைத்து நம் தூரத்துக்குத் தோதாகச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபில்டர் அளவு சின்ன விஷயம்தான், ஆனால் கறுப்பு-வெள்ளைக்காரர்களுக்குத் தினசரித் தலைவலி. சும்மிக்ரான் 39 மிமீ, பிளானார் 43, ஸி ஸோனார் 46. மஞ்சள், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்கினால் ஃபில்டரே ஒரு லென்ஸ் விலைக்கு வந்து நிற்கும்.

இப்போது உங்கள் எண்ணிக்கைக்கு வருவோம். நெகட்டிவ் உறையின் மூலையில் எந்த லென்ஸ் என்று எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் ஒருமுறை நண்பர்களோடு ஒரு சோதனை செய்ய முடிந்தது. பல 50களில் எடுத்த படங்களைச் சின்ன அளவில் அச்சிட்டு, பின்னால் பெயரை எழுதிக் கலைத்துப் போட்டேன். எஃப் 5.6, 8 என்று எடுத்தவற்றில் எது எந்த லென்ஸ் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும்தான். எஃப் 2.8-ஐவிடத் திறந்து, இரண்டு மீட்டருக்குள் எடுத்தவற்றை மட்டும் ஓரளவு எல்லோரும் பிரித்தார்கள், ஸோனாரைப் பார்த்தவுடனே காட்டினார்கள். லென்ஸ்களின் குணம் வெளியே வருவது அந்தச் சின்ன இடத்தில்தான்.

ஆகவே உங்கள் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவற்றை எடுத்துப் பரப்பிவைத்து, அவற்றில் எத்தனை அந்த இடத்தில் எடுத்தவை என்று பாருங்கள். மிகக் குறைவு என்றால், தெருவிலும் வெயிலிலும் எடுப்பவர் நீங்கள். ஒரு எஃப் 2 போதும், எல்மார்கூடப் போதும். மீதிப் பணத்துக்கு ஃபிலிம் வாங்குங்கள். பாதிக்குப் பாதி என்றால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறு வேறு குடும்பத்திலிருந்து. நான் சொல்லும் ஜோடி, அன்றாடத்துக்கு ஒரு டபுள் காஸ் எஃப் 2, முகத்துக்கு ஒரு ஸோனார். கூர்மைதான் முக்கியம், பெரிதாக அச்சிடுவேன் என்பவர் முதலாவதை நவீன ஆஸ்பெரிக்கலாக வைத்துக்கொள்ளலாம். எல்லாமே அந்த இடம்தான் என்றால் எஃப் 1.4 ஒன்றைப் பிரதானமாக வைத்து அதை மட்டுமே பழகுங்கள், எஃப் 2 தனியாகத் தேவையில்லை. மூடினால் அதுவும் எஃப் 2தான். துணி ஷட்டர் உள்ள கேமரா என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூடி போடாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி கிடந்தால் ஷட்டரில் ஓட்டை விழும், வேகமான லென்ஸ் இன்னும் சீக்கிரம் சுடும்.

ஏற்கெனவே நான்கைந்து வைத்திருப்பவர்கள் விற்க அவசரப்பட வேண்டாம். ஒரு பருவம் முழுக்க ஒன்றை மட்டும் கேமராவில் விட்டுவிட்டு மற்றவற்றை நண்பர்களிடம் கொடுத்துவையுங்கள். திருப்பிக் கேட்க எது உங்களுக்கு நிஜமாகவே தோன்றுகிறதோ, எந்தப் படத்துக்காக என்று உங்களால் சொல்லவும் முடிகிறதோ, அது இரண்டாவது. மற்றவற்றுக்கு நல்ல கை பார்த்துக் கொடுங்கள், கொடுக்கும்போது ஹுட், மூடிகள், வளையம் எல்லாவற்றோடும், ஸ்கேல் சோதனையில் நீங்கள் கண்டதை ஒரு சீட்டில் எழுதியும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவருக்கு அந்தச் சீட்டு பல ரோல் ஃபிலிமை மிச்சப்படுத்தும்.